மன்மதன் ஏன் போகிறான், ரதி ஏன் விடுகிறாள்

நீங்கள் கேட்டதை முதலில் என் வார்த்தையில் திருப்பிச் சொல்கிறேன், சரியாகப் புரிந்துகொண்டேனா என்று பார்த்துக்கொள்ளுங்கள். கோத்தகிரியில் உங்கள் தாத்தா காலத்தில் ஆடிய, மன்மதனைச் சிவன் எரித்த கதையான காமன் கூத்தைக் கல்லூரி மேடைக்காக ஒன்றரை மணி நேர நாடகமாக எழுதியிருக்கிறீர்கள். ரதி வேடம் உங்களுக்கு. ஒத்திகை பார்த்தவர்கள் எல்லாரும் ஒரே இடத்தில் நின்றுவிடுகிறார்கள்: ரதி அவ்வளவு கெஞ்சியும் மன்மதன் கிளம்பிப் போகிறான், பெண்டாட்டி மேல் உண்மையான ஆசை வைத்தவன் போவானா, போகிறவனை அவள்தான் ஏன் விடுகிறாள் என்று கேட்கிறார்கள். காரணம் போதவில்லை, புதிதாக ஏதாவது சேர்க்கலாமா என்பது உங்கள் கேள்வி. ஆனால் கடைசியில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள், ரதி அழும்போது யார் மேல் கோபப்பட்டு அழுவது என்று பிடிபடவில்லை என்று. எனக்கு அதுதான் அசல் கேள்வியாகப் படுகிறது. அதற்கு விடை கிடைத்தால் முதல் கேள்வியின் முடிச்சு தானாகவே அவிழும்.

என் பழக்கம் எவ்வளவு என்பதையும் சொல்லிவிடுகிறேன். கூடலூர் பக்கம் டேன்டீ என்ற அரசுத் தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர்களின் வரிசை வீடான லயத்தில் வளர்ந்தவன். இந்தப் பக்கத்துப் பழைய எஸ்டேட்காரர்கள் பாடி என்பார்கள், நாங்கள் இலங்கையிலிருந்து வரும்போது லயம் என்ற சொல்லையும் கூடவே கொண்டு வந்தோம், காமன் கூத்தையும் கொண்டு வந்தோம். பத்தொன்பது வயதில் முதல்முறை ரதி வேடம் கட்டினேன். பதினோரு மாசி தொடர்ந்து கட்டினேன். குரல் தடித்த பிறகு கூத்துச் சொல்லிக்கொடுத்த மாஸ்டர் பக்கத்தில் நின்று பின்பாட்டுப் பாடினேன், அவர் காலமான பிறகு பாட்டு எழுதிய கொப்பி (நோட்டு) என் கைக்கு வந்தது. இன்றைக்கும் மாசி அமாவாசை கழிந்து மூன்றாம் நாள் பேக்கரும்பும் வைக்கோல் புரியும் வரட்டியும் கட்டிக் காமனுக்குக் கம்பம் ஊன்றும்போது என்னைத்தான் கூப்பிடுகிறார்கள். ஆக எனக்கு நன்றாகத் தெரிந்தது ஒரு மாஸ்டர் வழி வந்த ஒரு பாட்டு. அடுத்த மலையில் அதே காட்சிக்கு வேறு பாட்டு இருக்கும், உங்கள் தாத்தா பாடியது இரண்டிலும் சேராமல் இருக்கலாம். நான் ‘எங்கள் கூத்தில்’ என்று சொல்லும் இடங்களில் எல்லாம் அந்த அளவுக்கே எடுத்துக்கொள்ளுங்கள்.

எந்த ஊரிலும் மாறாத பகுதி கதையில் சின்னதுதான். தக்கன் வேள்வியில் அவன் மகளும் சிவன் மனைவியுமான தாட்சாயணி உயிர்விட்ட பிறகு சிவன் யோகத்தில் உட்கார்ந்துவிடுகிறார். அசுரன் சூரபத்மனோ சிவனுடைய சக்தி தவிர வேறெதுவும் தன்னை அழிக்க முடியாதபடி வரம் வாங்கியவன். சிவனுக்குப் பிள்ளை பிறந்தால்தான் தேவர்களுக்கு விடிவு. அதற்கு அவர் பார்வதியை ஏறிட்டுப் பார்க்க வேண்டும், பார்க்க வைக்க மன்மதன் அம்பு விட வேண்டும். விடுகிறான், நெற்றிக்கண் திறக்கிறது, சாம்பலாகிறான், ரதி புலம்புகிறாள், கடைசியில் அவள் கண்ணுக்கு மட்டும் தெரிகிற மாதிரி அவனுக்கு உயிர் வருகிறது. மயிலாடுதுறை பக்கத்துக் கொறுக்கைதான் இது நடந்த இடம் என்பது நம் நாட்டு நம்பிக்கை, சிவன் வீரம் காட்டிய எட்டுத் தலங்களான அட்ட வீரட்டானங்களில் அதுவும் ஒன்று. இவ்வளவும் எல்லாருக்கும் பொது. ஏன் போனான் என்பதில்தான் ஒவ்வொருவரும் ஒரு வழி எடுக்கிறார்கள், உங்கள் நாடகம் தடுமாறுவதும் அதே இடத்தில்தான்.

காளிதாசனின் குமாரசம்பவத்தில் மன்மதன் வீம்பாகப் போகிறான். இந்திரன் கூப்பிட்டுப் பக்கத்தில் இடம் கொடுத்ததும் இவனுக்குத் தலை கிறுகிறுத்துவிடுகிறது. யார் பெயரைச் சொன்னாலும் வீழ்த்துவேன், நண்பன் வசந்தன் ஒருவன் துணை இருந்தால் பினாக வில் பிடித்த சிவனையே அசைத்துவிடுவேன் என்று அவனே வாயைக் கொடுக்கிறான். அதற்கப்புறம்தான் இந்திரன், நீயே சொல்லிவிட்டாய், அந்த வேலைதான் என்கிறான். அங்கே ரதி தடுப்பதே இல்லை. பயந்துகொண்டே வசந்தனோடு அவளும் கூடப் போகிறாள், கண்ணெதிரே எரிவதைப் பார்த்து மயங்கி விழுகிறாள். அந்த மயக்கம் அவளுக்கு ஓர் உபகாரம் செய்தது, புருஷன் போன துக்கத்தைக் கொஞ்ச நேரம் தெரியாமல் வைத்தது என்கிறார் கவி. அடுத்த சர்க்கம் முழுக்க அவள் புலம்பல்தான். வசந்தனிடம் சிதை அடுக்கித் தரச் சொல்கிறாள், அசரீரி வந்து தடுக்கிறது.

கச்சியப்ப சிவாச்சாரியாரின் கந்தபுராணத்தில் காமதகனப் படலத்தை எடுத்துப் பாருங்கள், நேர் எதிர். மன்மதன் முடியாது என்கிறான். சிவனிடம் மோதியவர்கள் கதி என்ன ஆனது என்று ஒவ்வொன்றாக எடுத்துச் சொல்கிறான். பிரமன் நயமாகப் பேசிப் பார்த்து, நடக்காத பிறகு போகாவிட்டால் சாபம் கொடுப்பேன் என்கிறான். பிரமன் சாபத்தில் விழுவதைவிடச் சிவன் கையால் அழிவது மேல், அதிலிருந்து மீள்வதற்காவது வழி உண்டு என்று கணக்குப் போட்டுப் போகிறான். வீம்பு இல்லை, ஆசை இல்லை, இரண்டு கேடுகளில் சின்னதைத் தேர்ந்து எடுத்துக்கொண்டு எழுந்து நடக்கிற ஓர் ஆள். எனக்கு அந்த மன்மதனை ரொம்பப் பிடிக்கும்.

கூத்து இந்த இரண்டையும் ஒன்றாக்கி, புதிதாக ஒன்றையும் சேர்த்திருக்கிறது. எங்கள் கூத்தில் தேவலோகத்திலிருந்து தூதன் ஓலை கொண்டு வருவான். ஓலையைப் படிக்கும்போது மன்மதன் முகத்தில் பயம் தெரிய வேண்டும், அதை மாஸ்டர் அடித்துச் சொல்லுவார். படித்து முடித்ததும் அந்தப் பயத்தை மறைக்க வீம்பு பேச வேண்டும், ஏனென்றால் பக்கத்தில் ரதி நிற்கிறாள். நான் மறுக்க முடியாத இடத்தில் மாட்டிக்கொண்டேன் என்று கட்டினவளிடம் ஒப்புக்கொள்ள வாய் வராத ஆண்பிள்ளை, அவர் யார் எனக்கு, பார்த்துவிடுகிறேன் என்கிறான். உங்கள் எழுத்துப் பிரதியில் மன்மதன் தேவர்களுக்கு உதவுவது என் கடமை என்று ஒரு பக்கம் பேசுகிறான். அந்தப் பக்கம்தான் ஒத்திகையில் ஒட்டாமல் நிற்கிறது என்று நினைக்கிறேன். கடமையை மேடையில் வாயால் சொன்னால் அது பொய்யாகத் தெரியும். பயத்தைக் காட்டிவிட்டு வீம்பைப் பேச வையுங்கள், கடமை என்ற சொல் இல்லாமலே பார்க்கிறவர்களுக்கு அவன் கட்டுப்பட்டவன் என்று புரிந்துவிடும்.

இனி உறவுமுறை. இதை நீங்கள் தொடவே இல்லை, கூத்து முழுவதும் இதன் மேல்தான் நிற்கிறது. மன்மதன் திருமாலின் மகன். அம்பாள் திருமாலின் தங்கை. அப்படியென்றால் சிவன் மன்மதனுக்கு அத்தை புருஷன், மாமா முறை. யாரோ ஒரு முனிவர் மேல் அம்பு விடப் போகவில்லை அவன், மாமன் வீட்டு வாசலில் போய் நின்று மாமன் தவத்தைக் கலைக்கப் போகிறான். ரதி யார் மகள் என்பதில்தான் இரண்டு கட்சி. காளிகா புராணம் தக்கன் மகள் என்கிறது. எங்கள் கூத்திலோ அவள் சிவனுக்கே மகள் முறை, மன்மதனுக்கு முறைப்பெண். புராணப் பண்டிதர்கள் இரண்டாவதை ஒத்துக்கொள்ளாமல் இருக்கலாம். ஆடுகிறவருக்கு இரண்டுமே பொன்தான், ஆனால் ஒன்றைத்தான் எடுக்க வேண்டும்.

தக்கன் மகள் என்று வைத்துக்கொண்டால், சிவனின் கோபம் எப்படிப்பட்டது என்று அவளுக்குக் கேள்விப்பட்டுத் தெரிய வேண்டியதில்லை. உடன்பிறந்தவள் வேள்விக் குண்டத்தில் போனதும், வீரபத்திரன் வந்து அப்பன் தலையை அறுத்ததும் அவள் பிறந்த வீட்டில் நடந்தவை. ஊரே பயப்படுகிற ஒன்றை அவள் மட்டும் கண்ணால் பார்த்திருக்கிறாள். போகாதே என்று தடுக்கும்போது அவளுக்கு வரும் கெட்ட கனவு வரப்போவதைப் பற்றிய கனவாக மட்டும் இருக்காது, பழைய நினைவும் அதில் இருக்கும். வழிமறிக்கும் காட்சிக்கு இது பெரிய பலம்.

சிவன் மகள் என்று வைத்துக்கொண்டால் பலம் அழுகைக் காட்சிக்குப் போகிறது. புருஷன் போய் மோதுவது அப்பனிடம். ஜெயித்தால் அப்பன் தவம் போச்சு, தோற்றால் தாலி போச்சு. எந்தப் பக்கம் நின்றாலும் ஒரு வீட்டுக்குத் துரோகம். அப்புறம் எரித்தவரே அப்பன் என்றால், புருஷனை இழந்தவள் ஓடிப்போய் அழ வேண்டிய பிறந்த வீடே அவளுக்கு இல்லை. நம் பெண்கள் ஒப்பாரியில் எந்தச் சாவாக இருந்தாலும் பிறந்த வீட்டைக் கூப்பிடாமல் இருக்கிறார்களா? ரதிக்குக் கூப்பிட முடியாது. கூப்பிட்டாலும் வந்து நிற்பவர் கொன்றவர். நான் இந்த வழியில்தான் ஆடினேன், உங்களுக்கும் இதைத்தான் சொல்வேன். யார் மேல் கோபப்பட்டு அழுவது என்று கேட்டீர்கள் இல்லையா, எங்கள் ரதி அப்பனைப் பார்த்துத்தான் அழுவாள். அது சாமியிடம் முறையிடுகிற அழுகை மாதிரி வரக் கூடாது. பஞ்சாயத்தில் நியாயம் கேட்கிற மகள் மாதிரி வர வேண்டும்: நீ பார்த்துக் கட்டிக்கொடுத்தவன், நீயே எரித்தாயே, இனி நான் எந்த வீட்டுக்குப் போக. இப்படிக் கேட்கிறவளுக்கு முன்னால் சிவன் வேடக்காரர் தலை குனிந்து நின்றதை நான் பார்த்திருக்கிறேன். யாரும் அவருக்கு அப்படி நிற்கச் சொல்லிக் கொடுக்கவில்லை.

வழிமறிக்கும் காட்சியைப் பக்கத்திலிருந்து காட்டுகிறேன். எங்களுக்கு மேடை கிடையாது. லயத்துக்கு லயம் ஆடிக்கொண்டே கடைசியில் காமனை எரிக்கிற காமன் பொட்டலுக்குப் போவோம். முன்பு விடிய விடிய நடந்தது, இப்போது யானை நடமாட்டம் அதிகமாகிவிட்டதால் பந்தமும் வெடியுமாகச் சீக்கிரம் நடந்து முடித்துக்கொள்கிறோம். பொட்டலுக்கு ஏறுகிற வழியில், தேயிலைக்கு நடுவே ஒற்றையடிப் பாதையில், ரதி முந்தி ஓடிப் போய்க் குறுக்கே நிற்பாள். பாதை அகலம் இரண்டடி, இருபுறமும் செடி, சுற்றிப் போக முடியாது. மன்மதன் அவளைத் தொட்டு நகர்த்தினால்தான் மேலே போகலாம். பாட்டில் மூன்று முறை தடுப்பாள். முதலில் கனவைச் சொல்வாள், அவன் சிரிப்பான். இரண்டாவது, அப்பனுடைய கோபத்தைச் சொல்வாள், அவன் தன் அப்பன் பெருமையைச் சொல்வான், கொஞ்ச நேரம் இரண்டு சம்பந்தி வீடும் சண்டை போடுகிற மாதிரி சூடாகப் போகும். தஞ்சாவூர்ப் பக்கம் லாவணிப் பாட்டில் மன்மதன் எரிந்த கட்சி எரியாத கட்சி என்று உட்கார்ந்து வாதாடுவார்களே, அந்தக் காரம் இங்கே நின்றபடி வரும். மூன்றாவது முறை அவளுக்குப் பாட்டே இல்லை. தாலியை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு ஒதுங்கி வழி விடுவாள்.

ஏன் விடுகிறாள் என்று நானும் மாஸ்டரிடம் கேட்டேன், கட்டின இரண்டாவது வருஷம். அவர் விளக்கம் எதுவும் சொல்லவில்லை. நீ விடாமல் நின்று பார் என்றார். அன்றைக்கு ஒத்திகையில் விடாமலே நின்றேன். மன்மதன் கட்டின பையன் என் தோளைப் பிடித்து நகர்த்தப் பார்த்தான், நான் நகரவில்லை, இருவரும் மூச்சிரைக்க நின்றோம். அவன் கை நடுங்கியது எனக்குத் தோளில் தெரிந்தது. அப்போது புரிந்தது. தொட்டுக்கொண்டு நிற்கும்போதுதான் அவனும் பயப்படுகிறான் என்று ரதிக்குத் தெரிகிறது. அதுவரை வீம்புக்காரன் என்று நினைத்துத்தான் தடுத்தாள். பயந்துகொண்டே போகிறான், போகாமல் இருக்க அவனால் முடியாது என்று தெரிந்த பிறகு இன்னும் தடுத்தால் அது அவனை ஊர் முன்னால் அவமானப்படுத்துவதாகும். அதனால் விடுகிறாள். அவள் உடைந்து போவது இந்த இடத்தில்தான், எரிகிற இடத்தில் அல்ல. ரதியாக ஆடுபவர் இதைப் பிடித்துக்கொண்டால் அழுகைக் காட்சிக்கு வரும்போது புதிதாகத் துக்கத்தைத் தேட வேண்டியிருக்காது. இது என் அனுபவத்தில் வந்த விளக்கம், கொப்பியில் எழுதியிருப்பது அல்ல என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

இன்னொன்று. நம்மில் யாரும் வீட்டை விட்டுக் கிளம்பும்போது போகிறேன் என்று சொல்வதில்லை, வருகிறேன் என்போம். எங்கள் கூத்தில் மன்மதன் ‘போய்’ என்று ஆரம்பிப்பான், அதோடு தப்புப் பறையின் அடி விழுந்துவிடும். ‘வருகிறேன்’ வராது. அந்த ஒரு சொல் வராததற்குப் பாதையோரம் நிற்கிற கிழவிகள் வாயில் முந்தானையை வைத்துக்கொள்வார்கள். உங்கள் நாடகத்தில் அவன் பிரியும்போது நான்கு வரி கவிதை சொல்கிறான். எடுத்துவிடுங்கள், இது போதும்.

அந்தக் கிழவிகள் ஏன் அப்படி நின்றார்கள் என்று தெரியாமல் இந்தக் கூத்தை நீலகிரி மேடையில் போடக் கூடாது, மகளே, உங்கள் வீட்டிலும் இது நடந்திருக்கும். 1964 அக்டோபரில், இலங்கையில் குடியுரிமை இல்லாமல் இருந்த இந்திய வம்சாவளித் தமிழர்களை இரண்டு நாடும் பங்கிட்டுக்கொள்கிற சிறிமாவோ சாஸ்திரி ஒப்பந்தம் ஆனது. 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக் குடிமக்களாக அங்கேயே, மீதி 1,50,000 பேரைப் பிறகு பார்ப்போம் என்று எழுதினார்கள். அந்த மீதியை 1974இல் பாதிப் பாதியாகப் பிரித்தார்கள். ஆளைத் தலைக்கணக்காகப் பிரிக்கும்போது குடும்பம் எங்கே வெட்டுப்படும் என்று யார் பார்த்தார்கள். விண்ணப்பம் தனித்தனி, முடிவும் தனித்தனி. அப்பனுக்கு இந்தியப் பாஸ்போர்ட், கல்யாணமான மகனுக்கு இலங்கைப் பிரஜாவுரிமை என்று வந்த வீடுகள் நிறைய. மலைநாட்டிலிருந்து தலைமன்னாருக்குக் கிளம்புகிற ரயிலுக்கு எங்கள் ஆட்கள் ஒப்பாரிக் கோச்சி என்றே பெயர் வைத்தார்கள். ஏறினவர்களும் அழுவார்கள், ஏற்றிவிட வந்தவர்களும் அழுவார்கள், சாவு வீடு மாதிரி மாரடித்து. அங்கிருந்து கப்பல், ராமேஸ்வரம், மண்டபம் முகாம், அப்புறம் அவரவருக்கு எழுதிய ஊர். நீலகிரிக்கு எழுதியவர்கள் 1968இல் அரசு தொடங்கிய தேயிலைத் தோட்டத் திட்டத்துக்கு வந்தார்கள், அதுதான் பிறகு டேன்டீ ஆனது. குன்னூர், கோத்தகிரி, கூடலூர், பந்தலூர், சேரம்பாடி என்று காட்டைத் திருத்தின இடமெல்லாம் லயம் எழும்பியது.

நாங்கள் 1974இல் வந்தோம். எனக்கு ஒன்பது வயது. அப்பாயிக்கும் சித்தப்பாவுக்கும் அங்கே பிரஜாவுரிமை, அப்பாவுக்கு இங்கே. அட்டன் ஸ்டேஷனில் அப்பாயி அப்பாவின் சட்டையைப் பிடித்துக்கொண்டு போகாதடா என்று ஒரு முறை சொன்னாள், இரண்டாம் முறை சொல்லவில்லை. அவளே விரலை ஒவ்வொன்றாக எடுத்தாள். அப்பா போய்ட்டு வர்றேன் ஆத்தா என்றார், போகவே இல்லை, 1983 கலவரத்துக்குப் பிறகு போக வழியும் இல்லை. அப்பாவுக்குத் தாய் மேல் பாசம் இல்லையா? எங்கள் மூன்று பேருக்கும் கையில் பாஸ்போர்ட் இருந்தது, தேதி இருந்தது, ஏறாவிட்டால் இரண்டு நாட்டுக்கும் ஆகாதவர்களாகப் போவோம். அப்பாயிக்கு அது தெரியும், அதனால்தான் விரலை எடுத்தாள். நான் ரதி கட்டி வழி மறித்த பதினோரு வருஷமும் அப்பா அந்தப் பாதையில் வந்து நிற்பார், நான் வழி விடுகிற வரைக்கும் நின்றுவிட்டு லயத்துக்குத் திரும்பிவிடுவார். எரிக்கிறதை அவர் பார்த்ததே இல்லை.

இதனால்தான் புதிய காரணம் எதுவும் சேர்க்க வேண்டாம் என்கிறேன். ஆசை இருந்தும் போனவர்கள், ஆசை இருந்தும் விட்டவர்கள் மலையில் வீட்டுக்கு வீடு இருந்தார்கள், அவர்களுக்கு மன்மதன் போனதற்கு விளக்கம் தேவைப்படவில்லை. உங்கள் கல்லூரியில் உட்கார்ந்து பார்க்கப்போகிற பிள்ளைகளுக்குத் தேவைப்படும், சரிதான். அப்படியென்றால் ஓலை வந்து சேரும் காட்சியை இன்னும் கொஞ்சம் நீட்டுங்கள். இப்போது தூதன் வந்த வேகத்தில் போய்விடுகிறான். ஓலையை ரதி கையில் முதலில் கொடுக்கச் சொல்லுங்கள், அவள் அதை மன்மதனிடம் கொடுக்காமல் எத்தனை நேரம் வைத்திருக்கிறாள் என்று பார்வையாளர்கள் எண்ணட்டும். இது எங்கள் கூத்தில் கிடையாது, என் யோசனை, பிடித்தால் எடுத்துக்கொள்ளுங்கள்.

அழுகையைப் பற்றிக் கொஞ்சம். ஒப்பாரி அழுகை என்றாலும் அதற்கு ஒரு கட்டுமானம் உண்டு. முதல் அடியில் போனவரை உயரத்தில் தூக்கி வைப்பார்கள், எதற்காவது ஒப்பிடுவார்கள், இரண்டாவது அடியில் அதைப் பிடுங்கிவிடுவார்கள். ஏற்றி இறக்குவதில்தான் நெஞ்சு அறுபடும். அடி முடியும் இடத்தில் வாயை மூடி மூக்கால் இழுக்கிற ஒரு முனகல் வரும், மூச்சு வாங்குவதும் அங்கேதான், உடன் இருப்பவர்கள் சேர்ந்துகொள்வதும் அங்கேதான். நீங்கள் உண்மையிலேயே அழுதுவிட்டால் தொண்டை அடைக்கும், மலைக் குளிரில் ஏற்கெனவே பாதி அடைத்திருக்கும், இரண்டாவது அடி வெளியே வராது. அதனால் கண்ணீரை நம்பாதீர்கள், அந்த முனகலை நம்புங்கள். எனக்குக் கண்ணீர் வந்தது மொத்தம் இரண்டு வருஷம்தான், இரண்டு வருஷமும் பாட்டு கெட்டது, ஜனங்கள் அழவில்லை. வயதான பெண்கள் யாராவது ஒப்பாரி வைக்கத் தெரிந்தவர்கள் உங்கள் பக்கம் இருந்தால் போய் உட்கார்ந்து கேளுங்கள். யார் வீட்டுச் சாவுக்கு அழுதாலும் நடுவில் தன் குறையை இழுத்து வைத்து அழுவார்கள், சீர் கொண்டு வராத அண்ணன், சோறு போடாத மருமகள் எல்லாரும் வருவார்கள். ரதியின் ஒப்பாரியிலும் இப்படி ஓரிடம் வேண்டும், மன்மதனை மறந்து தனக்காக அழுகிற இடம். உங்கள் பிரதியில் அவள் முழுக்க முழுக்க அவனுக்காகவே அழுகிறாள், அதனால் சிலை மாதிரி இருக்கிறாள்.

பெண் ரதி கட்டலாமா என்று பக்கத்தில் யாரோ கேட்டதாக எழுதியிருந்தீர்கள். காமன் பொட்டலில் ரதியும் ஆண்தான் கட்டுவது எங்கள் வழக்கம், காப்புக் கட்டி விரதம் இருந்து ஆடுவது, அதை மாற்றுவதானால் அந்தந்த ஊர் கூடித்தான் முடிவு செய்ய வேண்டும், நான் சொல்ல முடியாது. கல்லூரி மேடைக்கு அந்தக் கட்டு கிடையாது. ஆணாக நின்று நான் பதினோரு வருஷம் தேடிப் பிடித்த சில இடங்கள் உங்களுக்கு முதல் நாளே கைக்கு வரும் என்றுதான் நினைக்கிறேன். ஒரே ஒரு வேண்டுகோள், மேடையில் நிஜக் கம்பம் ஊன்றி எரிக்காதீர்கள். அது நேர்த்திக்கடன் உள்ளவர்களின் பொருள். விளக்கை அணைத்துவிட்டுத் தப்பை மட்டும் அடிக்க விடுங்கள்.

கடைசிக் காட்சியில், ரதி கண்ணுக்கு மட்டும் மன்மதன் தெரிகிற இடத்தில், இருவரையும் நிற்க வைத்து மாலை போட்டு முடிக்கலாம் என்று எழுதியிருக்கிறீர்கள். வேண்டாம். எங்கள் கூத்தில் மூன்றாம் நாள் எழுப்புகிற சடங்கு முடிந்ததும் ரதி மட்டும் தனியாக லயம் லயமாகப் போவாள், பக்கத்தில் ஆள் இருக்கிற மாதிரியே நடந்து. ஒரு வருஷம், மேல் லயத்துக் கடைசிக் காம்பராவில், அதாவது கடைசி வீட்டில், ஒரு பாட்டி வாசலில் கம்பளியைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவளுடைய மூத்த மகன் இலங்கையிலேயே தங்கிவிட்டவன், கடிதமும் நின்று பல வருஷம் ஆகியிருந்தது. என் கையைப் பிடித்து என் பக்கத்துக் காலியிடத்தைக் காட்டி, உனக்குத் தெரியுதா என்று கேட்டாள். தெரியுது ஆத்தா என்றேன். எப்படி இருக்கான் என்றாள். எனக்கு மாஸ்டர் சொல்லிக் கொடுத்தது ஒன்றுதான், காலியிடத்தைப் பார்க்கும்போது கண் அலையக் கூடாது என்பது. மன்மதன் கட்டினவன் என்னைவிட நாலு விரல் உயரம். அந்த உயரத்திலேயே பார்வையை நிறுத்திக்கொண்டு, நல்லா இருக்கான் ஆத்தா, கொஞ்சம் இளைச்சிருக்கான் என்றேன். அவள் எழுந்து உள்ளே போய், ஒரு தட்டில் இரண்டு டம்ளர் பிளேன்டீ கொண்டு வந்து வைத்தாள்.

உங்கள் மன்மதனின் உயரத்தை ஒரு சுவரில் கோடு போட்டு வைத்துக்கொள்ளுங்கள். தினமும் ஒத்திகைக்கு முன்னால் அந்தக் கோட்டைப் பார்த்துப் பத்து நிமிஷம் பேசிப் பழகுங்கள், அவர் இல்லாத நாளிலும்.